பெட்டியில் என்ன வைப்பது: 1938இன் அகதிப் பிள்ளைகளை நம் வகுப்பில் சொல்ல

பழைய சூட்கேஸ் ஒன்று, பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்று, நூல் கோத்த அட்டைச் சீட்டு ஒன்று, சுவரில் மாட்டும் ஐரோப்பா வரைபடம், பிள்ளைக்கு ஒன்றாக அஞ்சலட்டை. இவை போதும். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பாடவேளையில் சொல்லி முடித்துவிடலாம். பாளையங்கோட்டைப் பள்ளியானாலும் திசையன்விளைப் பக்கத்துப் பள்ளியானாலும் வேறு கருவி தேவையில்லை. புரொஜெக்டரை நான் வேண்டாம் என்பேன். இணையத்தில் தேடினால் முதலில் வருபவை பிணக்குவியல் படங்கள். அதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது.

சொல்ல வேண்டிய செய்தி இது. 1938 டிசம்பரில் தொடங்கி 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூளும் வரை, ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் தாய் தகப்பன் துணை இல்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலோர் யூதர்கள். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோரும். கைக்குழந்தைகளும் இருந்தன, அவற்றைப் பெரிய பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இந்தப் பயணங்களுக்குக் கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று பெயர்.

பலர் ஹிட்லரில் ஆரம்பிப்பார்கள். அங்கேதான் கதை கை நழுவும். பையன்கள் டாங்கி, விமானம், நீர்மூழ்கி என்று போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பியுங்கள். 1933இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, அரசுப் பள்ளிகளில் யூதப் பிள்ளைகள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் வந்தது. 1938 நவம்பரில் மிச்சமிருந்தவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பகிர்ந்த பிள்ளை இன்று பேச மாட்டேன் என்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். விளக்கவுரை வேண்டியதில்லை.

அதன்பின் 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் ஆயிரத்துக்கு மேல் கொளுத்தப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அப்பாவைக் கூட்டிப் போய்விட்டார்கள், கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கை உயரும். நம் பக்கத்தில் நிச்சயம் உயரும். “யூதர்னா இயேசுவைக் கொன்னவங்கதானே?” ஞாயிறு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேதாகமத்திலிருந்துதான் தெரியும். யூதர், யூதாஸ் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. அதட்டாதீர்கள், கேள்வி வந்ததே நல்லது. இயேசுவும் யூதர், மரியாளும் யூதர், சீடர்கள் பன்னிருவரும் யூதர், சிலுவையில் அறையச் சொல்லித் தீர்ப்பளித்தவன் ரோம ஆளுநர் பிலாத்து. இந்த நான்கையும் சொன்னாலே போதும். கொன்றவர்கள் என்ற அந்தப் பழிச்சொல்தான் ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் யூதர்களை அடிக்கக் காரணமாகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளை பாலஸ்தீனம் பற்றிக் கேட்கலாம். அதையும் மூடி மறைக்க வேண்டாம். அங்கேயும் வீடிழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் பேசுவோம் என்று சொல்லி, சொன்னபடி ஒதுக்குங்கள்.

இனிதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பகுதி. அது காகிதம். இந்தப் பிள்ளைகள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தோ சண்டை போட்டோ தப்பியவர்கள் அல்லர். சரியான காகிதம் சரியான நாளில் கைக்கு வந்ததால் பிழைத்தவர்கள். நம் பிள்ளைகளுக்கும் காகிதத்தின் அருமை தெரியும். டி.சி. வாங்கவும் சாதிச் சான்றிதழுக்கும் அம்மா எத்தனை நடை நடந்தாள் என்று அவர்களே சொல்வார்கள். அதைச் சொல்ல விட்டுவிட்டு, அந்தக் காலத்துத் தாய் எதற்கெல்லாம் நடந்தாள் என்று கரும்பலகையில் எழுதுங்கள். புகைப்படம் ஒட்டிய விண்ணப்பம். மருத்துவச் சான்று. பெற்றோர் சம்மதக் கையெழுத்து. இவை லண்டனுக்குப் போய், அங்கே தேர்வாகி, அனுமதி அட்டை திரும்பி வர வேண்டும். அட்டையில் பிள்ளையின் படமும் பெற்றோர் பெயரும் எண்ணும் இருக்கும். விசா தேவையில்லை என்று அச்சிட்டிருக்கும். அனாதைகளுக்கும், அப்பா முகாமில் அடைபட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கும், எந்த நேரமும் கைதாகக்கூடிய பெரிய பையன்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள்.

அந்த அட்டை எப்படி வந்தது? நவம்பர் 15ஆம் தேதி பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் பிரதமர் சேம்பர்லினைப் பார்த்தார்கள். 21ஆம் தேதி பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. டிசம்பர் 2ஆம் தேதி காலை முதல் கப்பல் ஹார்விச் துறைமுகத்தில் நின்றது. (எழுத்தைப் பார்த்து ஹார்விச் என்று நாம் எழுதினாலும் அவ்வூர்க்காரர்கள் ‘ஹாரிச்’ என்பார்கள்.) அதில் ஏறத்தாழ 200 பிள்ளைகள் வந்தார்கள், பலர் பெர்லினில் எரிக்கப்பட்ட ஓர் அனாதை இல்லத்தைச் சேர்ந்தவர்கள். தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இடையில் எத்தனை நாள் என்று பிள்ளைகளையே கழிக்கச் சொல்லுங்கள். அரசாங்கம் நினைத்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதை அந்தக் கழித்தல் கணக்கே காட்டிவிடும். அதே நேரத்தில் அமெரிக்காவில் 20,000 பிள்ளைகளை ஏற்கலாம் என்று கொண்டுவந்த மசோதா 1939இல் வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. இதையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

“அவுக அம்மையும் கூட வந்திருக்கலாம்லா?” இந்தக் கேள்வி கேட்காத வகுப்பு இருக்காது. பெற்றோருக்கு அனுமதி கிடையாது என்பதுதான் பதில். இங்கிலாந்தில் அப்போது வேலையில்லாத் திண்டாட்டம். பெரியவர்கள் வந்தால் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். பிள்ளைகள் பறிக்க மாட்டார்கள், போர் அபாயம் தீர்ந்ததும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். வீட்டு வேலைக்காரி என்ற அனுமதியில் சில தாய்மார் மட்டும் வர முடிந்தது. 1939இல் இன்னொரு தடையும் வந்தது. பிள்ளைக்கு 50 பவுண்டு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். பிரிட்டனில் ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு அது ஏறத்தாழ மூன்று மாதக் கூலி. பணம் கட்ட ஆள் கிடைக்காத பிள்ளை வரிசையிலேயே நின்றது.

இப்போது பெட்டியை எடுங்கள். விதி எளியது: தானே தூக்க முடிந்த ஒரு பெட்டி. பணம் 10 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) மட்டும். நகையோ விலை உயர்ந்த பொருளோ கூடாது, எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு பொருளாக வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, வகுப்பே சேர்ந்து ஒரு பெட்டியைக் கட்டட்டும். பத்து வயதுப் பிள்ளை பிளாட்பாரம் மாறி, கப்பல் படியேறி, தானே தூக்க வேண்டும் என்றால் ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் தாங்காது. கொக்கித் தராசில் மாட்டிக் காட்டுங்கள். முதல் தடவை எப்படியும் பத்துக் கிலோ வரும்.

எதை எடுப்பது என்ற சண்டை அப்போது தொடங்கும். அந்தச் சண்டைக்குத்தான் இத்தனை ஏற்பாடும். அதில் குறுக்கிடாதீர்கள், மூன்றே தகவலை மட்டும் உரிய நேரத்தில் போடுங்கள். முதலாவது, குளிர். நம் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் குற்றாலச் சாரல், மிஞ்சிப்போனால் மாஞ்சோலையில் மார்கழி விடியல். குடத்துத் தண்ணீர் கட்டியாக உறையும் குளிர் என்று சொன்னால்தான் கம்பளிச் சட்டைக்குப் பெட்டியில் இடம் கிடைக்கும். இரண்டாவது, எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை வளரும். தாய்மார் பலர் பெரிய அளவுச் சட்டையும் ஷூவும் வாங்கி வைத்தது அதனால்தான். மூன்றாவது, போகிற இடத்தில் ஒருவருக்கும் நம் மொழி தெரியாது. இதைக் கேட்டதும் கதைப் புத்தகத்தை வெளியே எடுத்த பிள்ளையே திரும்ப உள்ளே வைக்கும். போட்டோ ஒன்று, இரண்டு கண்டிப்பாக உள்ளே போகும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண் அட்டையில் தயவுசெய்து கவனம். உண்மையில் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் எண் எழுதிய அட்டை தொங்கியது, அதே எண் பெட்டியிலும் இருந்தது. அதைக் காட்ட ஒரு பிள்ளையை எழுப்பிக் கழுத்தில் மாட்டிவிடும் வழக்கம் உண்டு. வேண்டவே வேண்டாம். அன்று முழுக்க அந்தப் பிள்ளையை அந்த எண்ணாலேயே கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். பெட்டியில் கட்டினால் போதும். அதேபோல் ‘நீ அம்மா, நீ பிள்ளை, ரயில் கிளம்புகிறது’ என்று நடிக்க வைக்காதீர்கள். அம்மா இல்லாத பிள்ளையும், அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளையும் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

கற்பனையாக ஒரு சிறுமிக்குப் பெயர் வைத்துக் கதை பின்னுவதும் எனக்கு உடன்பாடில்லை. “இது நடந்ததா?” என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று என்று சொன்னாலே கேட்பவர்கள் தங்களை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

வரைபடத்தில் வியன்னாவில் விரல் வையுங்கள். 1938 டிசம்பர் தொடக்கத்தில் டச்சுக்காரப் பெண் ஒருவர், ட்ரூஸ் வைஸ்முல்லர், அங்கே நாஜி அதிகாரி ஐக்மனை நேரில் சந்தித்தார். அந்தச் சனிக்கிழமைக்குள் 600 பிள்ளைகளைத் திரட்டினால் அனுப்பலாம் என்றான் அவன், முடியாது என்று நினைத்துத்தான். டிசம்பர் 10ஆம் தேதி 600 பிள்ளைகளோடு ரயில் புறப்பட்டது. சனி யூதர்களின் ஓய்வு நாள், அன்று பயணம் செய்ய மாட்டார்கள். இருந்தும் ஏற்றிவிட்டார்கள், உயிர் பெரிது என்று.

ரயில் ஜெர்மனியைக் கடந்து ஹாலந்தின் ஹூக் துறைமுகம் வரை ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம் ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூர் போய், இறங்காமல் மதுரைக்குத் திரும்பும் தூரம் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். டச்சு எல்லையைத் தாண்டியதும் நடைமேடையில் பெண்கள் நின்று வெள்ளை ரொட்டியும் சூடான கோகோவும் கொடுத்தார்கள். வயதான பிறகும் பலர் மறக்காமல் சொன்னது இந்தக் கோகோவைத்தான். பிறகு இரவுக் கப்பல், விடிந்தால் ஹார்விச்.

அங்கே இரண்டு வழி. ஏற்கெனவே வளர்க்க வீடு கிடைத்த பிள்ளைகள் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் போய், பெயர் கூப்பிடும் வரை காத்திருந்தார்கள். வீடு கிடைக்காதவர்கள் முதல் குளிர்காலத்தில் டோவர்கோர்ட் என்ற விடுமுறை முகாமில் தங்கினார்கள். கோடைக்குக் கட்டிய மர அறைகள், கடற்கரை, டிசம்பர். வார இறுதியில் தம்பதிகள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் முதலில் போய்விடும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையன்கள் வாரக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை வேறோர் ஊரிலுமாகப் பிரிந்தவர்கள் ஏராளம்.

வளர்த்தவர்கள் எல்லோரும் தெய்வம் என்று சொல்லாதீர்கள். பெற்ற பிள்ளை போல வளர்த்தவர்கள் உண்டு. சம்பளமில்லாத வேலைக்காரியாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அன்பாக இருந்துகொண்டே, அந்தப் பிள்ளையின் வழிபாட்டையும் மொழியையும் மறக்கடித்தவர்களும் உண்டு. மூன்றையும் சொல்லுங்கள், பிள்ளைகளால் தாங்கிக்கொள்ள முடியும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் ப்ராக் நகரிலிருந்து நிக்கோலஸ் விண்டன் என்ற இளைஞரும் அவருடன் உழைத்தவர்களும் எட்டு ரயில்களில் 669 பிள்ளைகளை அனுப்பினார்கள். ஒன்பதாவது ரயில் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி புறப்பட இருந்தது, 250 பிள்ளைகள். அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. ரயில் கிளம்பவில்லை. இதைச் சொன்ன பிறகு உடனே அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் கொஞ்சம் நிறுத்துங்கள்.

போர் வந்ததும் கடிதப் போக்குவரத்து நின்றது. மிஞ்சியது செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம். 25 சொல்தான் எழுதலாம், குடும்ப விஷயம் மட்டும். அதே தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதித் திரும்ப வரும், அதற்குப் பல மாதம் ஆகும். அஞ்சலட்டையை இப்போது கொடுத்து எழுதச் சொல்லுங்கள். நம் தமிழில் ஒரு வசதி, ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே ஒரு சொல். அப்படியும் 25 போதாது. சொல்லிக் காட்ட நானே கட்டிய மாதிரி ஒன்று:

“அன்புள்ள அம்மா, அப்பா, நான் நலம். பள்ளிக்குப் போகிறேன். ஆங்கிலம் பேசுகிறேன். தம்பி வேறு வீட்டில் இருக்கிறான். வளர்ந்துவிட்டான். பல் விழுந்தது. ஆச்சி எப்படி இருக்கிறாள்? கடிதம் வந்து ஆறு மாதமாயிற்று. பதில் எழுதுங்கள்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 25. இதை முதலில் காட்டிவிட்டால் எல்லாப் பிள்ளையும் இதையே பார்த்து எழுதும், அதனால் அவர்கள் எழுதி முடித்த பிறகு படியுங்கள். ‘அன்புள்ள’வை அடித்துவிட்டு அந்த ஒரு சொல்லுக்கு ஆச்சியையோ நாய்க்குட்டியையோ விசாரிக்கும் பிள்ளை நிச்சயம் இருக்கும்.

இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. குண்டுவீச்சுப் பயத்தில் லண்டன் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது இவர்களும் மறுபடி பெட்டி கட்டினார்கள். 1940இல் பதினாறு வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை, ஜெர்மன் குடிமக்கள், எதிரி நாட்டார் என்று சொல்லி, அடைக்கலம் கொடுத்த அரசே காவலில் வைத்தது. சிலரைக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற்றியது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவனை ஹிட்லரின் ஆள் என்று பூட்டுவதா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொதிப்பார்கள். கொதிக்கட்டும்.

பெற்றோர் என்ன ஆனார்கள்? இதை மழுப்பக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரைத் திரும்பப் பார்க்கவில்லை. அவர்கள் கொல்லப்பட்டார்கள். ‘காணாமல் போனார்கள்’, ‘இறந்து போனார்கள்’ என்ற சொற்கள் வேண்டாம், கொன்றவர்கள் இருந்தார்கள். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் ஏறத்தாழ பதினைந்து லட்சம் பேர் பிள்ளைகள். எந்த முறையில் என்ற விவரம் சின்ன வகுப்புக்குத் தேவையில்லை. கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லி நிறுத்துங்கள்.

மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிப்பது தெரிந்த பிள்ளைகளுக்கு இரண்டு விஞ்ஞானிகளைச் சொல்லலாம். ஆர்னோ பென்சியாஸ், ஆறு வயதில் மியூனிக்கிலிருந்து தம்பியோடு ரயிலேற்றப்பட்டவர். அவர் பெற்றோர் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்ததற்காக 1978இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வால்டர் கோன், 1939 ஆகஸ்டில் வியன்னாவிலிருந்து வந்தவர். காவலில் வைக்கப்பட்டு, கனடாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பெற்றோர் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். 1998இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒருவரை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். நோபல் வாங்காமல் தையல்காரராகவும் செவிலியராகவும் வாழ்ந்தவர்கள்தான் பெரும்பாலோர் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காப்பாற்றப்படுவதற்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைத் தெரிந்த பிள்ளை குழம்பும். அவளும் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அகதிதான். ஆனால் அவள் குடும்பம் நின்ற இடம் ஹாலந்து. 1940 மே மாதம் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது. வரைபடத்தில் ஹூக் துறைமுகத்துக்கும் ஹார்விச்சுக்கும் நடுவே உள்ள கடலைக் காட்டினால், அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் என்ன வித்தியாசம் என்று விளங்கிவிடும்.

கங்கைகொண்டான், கோபாலசமுத்திரம் பக்கத்துப் பள்ளிகளில் இன்னும் நிதானம் வேண்டும். அங்கே இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். அகதி என்ற சொல் நம் ஊரில் வசவாகவும் புழங்குகிறது, ‘அகதி மாதிரி நிக்கான்’ என்று. 2021இல் தமிழக அரசு அந்த முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் பிள்ளையின் காதில் பழைய சொல்தான் விழுந்துகொண்டிருக்கும். அவர்களைச் சுட்டிக்காட்டி ‘நீ சொல்லு, உங்க தாத்தா எப்படி வந்தார்’ என்று கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். படகில் என்ன எடுத்து வந்தார்கள் என்று பெட்டி கட்டும்போது ஒரு பிள்ளை தானே பேசத் தொடங்கினால், தராசைக் கீழே வைத்துவிடுங்கள். அன்றைய பாடவேளை அந்தப் பிள்ளைக்குரியது.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் பெயர் கூப்பிட்டு உரியவர் கையில் கொடுங்கள். பிறகு தருகிறேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். தன் பொம்மையை உள்ளே வைத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு பாடவேளையும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அஞ்சலட்டைகளைச் சுவரில் ஒட்ட வேண்டாம், வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், யாருக்கு எழுதியதோ அவர்கள் படிக்கட்டும்.